கேமரா அலமாரியில, இஎம்ஐ அக்கவுண்ட்ல: நேரமே இல்லாம போட்டோகிராபி கத்துக்கிட்ட கதை



வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். ஆனா இதுலயும் பணம் இருக்கு. என் பணம்தான், 60,000 ரூபாய்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பண்டிகை ஆஃபர்ல கிட் லென்ஸோட ஒரு கேமரா வாங்கினேன். 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,000. முதல் மாசம் வீட்டுல இருக்குற பூந்தொட்டி, பக்கத்து வீட்டுப் பூனை, டீ கிளாஸ்னு எதையும் விட்டு வைக்கல. ரெண்டாவது மாசம் ஒரு தடவை மெரினா போனேன். மூணாவது மாசம் ஆபீஸ்ல ரிலீஸ். நாலாவது மாசத்துல இருந்து கேமரா அலமாரியில, குளிருக்குக்கூட எடுக்காத அந்தக் கம்பளிக்குப் பக்கத்துல போய் உக்காந்துடுச்சு. ஒவ்வொரு மாசமும் 5ஆம் தேதி மட்டும் கரெக்டா மெசேஜ் வரும், "உங்கள் கணக்கிலிருந்து 5,000 ரூபாய்"னு. கையிலயே தொடாத பொருளுக்கு 9 மாசம், மொத்தம் 45,000 ரூபாய் கட்டியிருக்கேன். நானே பட்ஜெட் போடுறது எப்படின்னு வீடியோ போடுற ஆளு. சிரிக்காதீங்க.

இதைக்கூட தாங்கிக்கலாம். அதுக்கப்புறம் நடந்ததுதான் தாங்க முடியல.

அம்மாவோட ரிட்டயர்மெண்ட்

எங்க அம்மா திண்டிவனம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர். போன வருஷம் ஓய்வு பெற்றாங்க. ஸ்கூல்லயே ஒரு வகுப்பறையில பெஞ்சை எல்லாம் ஓரமா தள்ளிட்டு சின்னதா ஒரு விழா. ஹெச்எம் சால்வை போத்தினார், பசங்க பாட்டு பாடினாங்க, சமையலர் அக்கா அம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நான் கேமராவைத் தூக்கிட்டுப் போயிருந்தேன். அம்மா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தாங்க, "என் பையன் பெரிய கேமரா வச்சிருக்கான், அவனே எடுப்பான்"னு. ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் போனை எடுத்தப்போகூட, "நீங்க உக்காருங்க டீச்சர், அவன் பாத்துப்பான்"னு சொல்லிட்டாங்க.

140 போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பாத்தா, சால்வை போத்துறப்போ ஹெச்எம்முக்கு நாலு கை. சமையலர் அக்கா முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு மஞ்சள் மேகம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்தாங்க. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இதுல நான் எங்கடா இருக்கேன்?"

திட்டியிருந்தா பரவாயில்ல. திட்டல.

என்ன தப்பு நடந்துச்சுன்னு எனக்குப் புரியறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. உங்களுக்கு இப்பவே சொல்லிடுறேன். அந்த ரூம்ல ரெண்டு டியூப்லைட்தான். நம்ம கண்ணுக்கு அது போதுமான வெளிச்சம், கேமராவுக்கு இருட்டு. நான் லென்ஸை 55 வரைக்கும் ஜூம் பண்ணி வச்சிருந்தேன். கிட் லென்ஸ்ல ஜூம் பண்ணா, லென்ஸ் திறக்குற அளவு எஃப் 3.5ல இருந்து எஃப் 5.6க்கு சுருங்கிடும், உள்ள வர்ற வெளிச்சம் இன்னும் குறையும். அதோட, ஏதோ ஒரு வீடியோவுல "ஐஎஸ்ஓ ஏத்தினா படத்துல புள்ளி புள்ளியா வரும்"னு கேட்டது மண்டையில ஏறி, ஐஎஸ்ஓவை 400லயே பூட்டி வச்சிருந்தேன். அப்போ கேமராவுக்கு வேற வழி என்ன? ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். 8ல 1 பங்கு செகண்ட். அந்த நேரத்துல மனுஷன் கை அசையும், தலை திரும்பும், அழுதா உடம்பு குலுங்கும். எல்லாம் சேர்ந்து ஒரே படத்துல பதிஞ்சுடும்.

ஜூம் பண்ணாம ரெண்டு அடி கிட்ட போய், எஃப் 3.5ல, ஐஎஸ்ஓவை 3200க்கு ஏத்தியிருந்தா, ஷட்டர் 125ல 1 பங்கு செகண்டுக்கு வந்திருக்கும். கொஞ்சம் புள்ளி இருந்திருக்கும், ஆனா அம்மா முகம் இருந்திருக்கும். இன்னும் சுலபமா, எல்லாரையும் வாசல் பக்கம் நிக்க வச்சிருந்தாலே போதும். இதைக் கத்துக்க ஒரு 20 நிமிஷம் ஆகும். அந்த 20 நிமிஷம் எனக்கு ஒரு வருஷமா கிடைக்கலையாம்.

நேரம் இல்லைங்கறது முழுப் பொய்யும் இல்ல

சோம்பேறின்னு உங்களையும் திட்ட மாட்டேன், என்னையும் திட்டிக்க மாட்டேன். தாம்பரத்துல இருந்து சிறுசேரிக்கு தினமும் போய்ட்டு வர்றவங்களுக்கு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு நிமிர்ந்தா மணி ஒன்பதரை. சனிக்கிழமை துணி, மளிகை, தூக்கம். ஞாயித்துக்கிழமை ஏதாவது ஒரு கல்யாணம். நேரம் உண்மையிலேயே கம்மிதான்.

ஆனா என் தப்பு வேற இடத்துல இருந்துச்சு. போட்டோகிராபின்னாலே ஒரு முழு நாள் வேணும்னு நினைச்சிருந்தேன். காலையில 5 மணிக்கு எழுந்து, மகாபலிபுரம் போய், கடல், பாறை, சூரியன். அந்த மாதிரி நாள் மாசத்துக்கு ஒண்ணுகூட வராது. வந்தா அன்னைக்கு மழை பெய்யும். அதனால "அடுத்த வாரம் பாத்துக்கலாம்". நம்ம சேனல்ல அடிக்கடி சொல்ற விஷயம்தான், கையில மொத்தமா ஒரு லட்சம் சேர்ந்ததும் முதலீடு ஆரம்பிக்கிறேன்னு சொல்றவர் ஆரம்பிக்கவே மாட்டார். (எல்லாத்தையும் எஸ்ஐபியோட ஒப்பிடுறான்னு கமெண்ட்ல திட்டுவீங்க, தெரியும். என்ன பண்றது, தொழில் புத்தி.)

இன்னொரு தப்பும் இருந்துச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு ரிவ்யூ வீடியோ பாக்குறது. அந்த லென்ஸுக்கும் இந்த லென்ஸுக்கும் என்ன வித்தியாசம், எந்த பாடியில எத்தனை மெகாபிக்சல்னு எனக்கு மனப்பாடம். பாத்து முடிச்சதும் ஏதோ கத்துக்கிட்ட திருப்தி வந்துடும். ஆனா அன்னைக்கு ஒரு போட்டோகூட எடுத்திருக்க மாட்டேன். நானே வீடியோ போட்டு சம்பாதிக்கிற ஆளா இருந்துக்கிட்டு சொல்றேன்: வீடியோ பாக்குறது கத்துக்குறது இல்ல. நீச்சல் வீடியோ பாத்து யாரும் நீந்தினது இல்ல.

லாக்கர் வாடகை கட்ட முடியாத ஒரு அம்மா

விவியன் மேயர்னு ஒருத்தங்க. 1926ல நியூயார்க்ல பிறந்தவங்க. சுமார் 40 வருஷம் பாத்த வேலை, அடுத்தவங்க வீட்டுக் குழந்தைகளைப் பாத்துக்குற ஆயா வேலை. பெரும்பாலும் சிகாகோவுல. அந்த வேலைக்கு வாரக்கடைசி எல்லாம் நம்மள மாதிரி கிடையாது. குழந்தைகளை வெளியில கூட்டிட்டுப் போற நேரத்துலயும், லீவ் நாள்லயும் கழுத்துல ஒரு ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை மாட்டிக்கிட்டு தெருத்தெருவா நடப்பாங்க. பிச்சைக்காரர், பணக்காரப் பாட்டி, அழுற குழந்தை, கடைக் கண்ணாடியில தெரியுற தன்னோட நிழல், எல்லாம் எடுத்தாங்க. எடுத்தது ஒரு லட்சத்துக்கும் மேல. யார்கிட்டயும் காட்டல. நிறைய ரோலை கழுவக்கூட இல்ல.

2007ல, பொருளெல்லாம் வாடகைக்குப் போட்டு வச்சிருந்த இடத்துக்கு பணம் கட்ட முடியாம போச்சு. அங்க இருந்ததெல்லாம் ஏலத்துக்கு வந்துச்சு. ஒரு இளைஞர் சுமார் 400 டாலருக்கு ஒரு பெட்டி நிறைய நெகட்டிவ் வாங்கினார். அவர் பேரு ஜான் மலூஃப். அவருக்கே அது என்னன்னு புரிய கொஞ்ச நாள் ஆச்சு. 2009ல விவியன் மேயர் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் முழுக்க கண்காட்சி, புத்தகம், ஆவணப்படம் எல்லாம்.

பர்சனல் ஃபைனான்ஸ் எழுதுற எனக்கு அந்த வாடகை பாக்கிதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு, உண்மையைச் சொல்லணும்ல. வயசான காலத்துல கையில பணம் இல்லாம போனது அவங்க போட்டோ எடுத்ததாலன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்ல. ஆனா அவங்க கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது வேற ஒண்ணு. அந்த ரோலிஃப்ளெக்ஸ்ல ஒரு ரோல் போட்டா 12 படம்தான். பதிமூணாவது கிடையாது. ஒவ்வொரு தடவை அமுக்குறப்பவும் காசு. அதனால பாத்து, நின்னு, யோசிச்சுத்தான் அமுக்க முடியும்.

அம்மா விழாவுல நான் எடுத்தது 140. ஒண்ணையும் பாத்து எடுக்கல.

வாரத்துக்கு 12 படம்

அதனால நான் வச்சுக்கிட்ட கணக்கு இதுதான். வாரத்துக்கு 12 படம், அதுக்கு மேல இல்ல. செவ்வாய், வியாழன் 20, 20 நிமிஷம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. கேமரா ஆபீஸ் பைல இருந்தா கேமரா, இல்லைனா போன். எதுல எடுத்தாலும் கணக்குதான்.

முதல் வாரம் கேள்வி: ஷட்டர் வேகத்தை மாத்தினா என்ன ஆகும்? எங்க ஆபீஸுக்குக் கீழ ஒரு டீக்கடை. மாஸ்டர் டீ ஆத்துறதைப் பாத்திருப்பீங்க, ஒரு கை தலைக்கு மேல, இன்னொரு கை இடுப்புக்குக் கீழ. 30ல 1 பங்கு செகண்ட்ல எடுத்தா டீ ஒரு பழுப்பு ரிப்பன் மாதிரி வளைஞ்சு நிக்கும். 1000ல 1 பங்கு செகண்ட்ல எடுத்தா அதே டீ துளித் துளியா உடைஞ்சு காத்துல தொங்கும். மாஸ்டர்கிட்ட ரெண்டையும் காட்டினேன். ரிப்பன் படத்தைத்தான் அவருக்குப் பிடிச்சது. "இதுல நுரை நிக்குதுல்ல"ன்னார். போன்ல ப்ரோ மோட் இருந்தா இதை அதுலயே செஞ்சு பாக்கலாம். ரெண்டு டீ காசு, 20 நிமிஷம். ஷட்டர்னா என்னன்னு இனி எனக்கு எந்த வீடியோவும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு வாரம் இட்லி. நீங்களே எடுத்துப் பாருங்க, வெள்ளைத் தட்டுல வெள்ளை இட்லியை எடுத்தா படத்துல சாம்பல் கலர்ல, ரெண்டு நாள் பழசு மாதிரி இருக்கும். காரணம், கேமராவுக்கு முன்னாடி இருக்குறது இட்லியா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் மொத்தமா ஒரு நடுத்தர சாம்பல் அளவுக்கு வெளிச்சத்தைக் கொண்டு வரப் பாக்கும். வெள்ளை நிறைய இருந்தா "ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு குறைச்சுடும். நீங்கதான் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வைக்கணும், ப்ளஸ் 1. போன்ல படத்தைத் தொட்டா பக்கத்துல ஒரு சின்ன சூரியன் வரும் பாருங்க, அதை மேல தள்ளினா போதும். கறுப்பு நிற பைக், யானை, கோயில் கருங்கல் தூண் எடுக்கிறப்போ இதுக்கு நேர்மாறா குறைக்கணும். கல்யாணத்துல மாப்பிள்ளையோட பட்டு வேட்டி ஏன் அழுக்காத் தெரியுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் விளங்குச்சு.

வெளிச்சத்தைப் பத்தி ஒண்ணு. எல்லா வீடியோவுலயும் "கோல்டன் ஹவர்"னு சொல்வாங்க, சூரிய உதயத்துக்கு அப்புறமும் அஸ்தமனத்துக்கு முன்னாடியும் வர்ற அந்த மஞ்சள் வெளிச்சம். அவங்க பல பேர் இருக்குற ஊர்ல அது ரொம்ப நேரம் நிக்கும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். சூரியன் விறுவிறுன்னு ஏறிடும், விறுவிறுன்னு இறங்கிடும். சென்னையில வருஷம் முழுக்கவே சூரிய உதயம் சுமார் 5:40ல இருந்து 6:35க்குள்ளதான். அதாவது நீங்க ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்! அதுக்காகத் தனியா எழுந்திருக்க வேண்டியதே இல்ல. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கிழக்குப் பக்க ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சா, எதிர்ல உக்காந்து தூங்குறவர் முகத்துல விழுற வெளிச்சத்தை சும்மா பாருங்க. படம் எடுக்கணும்னுகூட இல்ல. (தூங்குறவரை எடுக்காதீங்க. எழுப்பிக் கேட்கவும் முடியாது.)

மத்தியான லஞ்ச் நேரம் மட்டும்தான் கிடைக்கும்னா? உச்சி வெயில்ல முகத்தை எடுத்தா கண்ணுக்குக் கீழ பள்ளமா நிழல் விழும். வெயிலை விட்டுட்டு நிழலுக்கு வாங்க. வேப்பமரத்தடி, மாடிப்படி வாசல், கடையோட தார்ப்பாய்க்குக் கீழ. வெளிய பளிச்சுன்னு வெயில் அடிக்கிறதால அந்த நிழலுக்குள்ளயும் மெத்துன்னு நல்ல வெளிச்சம் இருக்கும்.

யாரை எடுத்தாலும் கேட்டுட்டு எடுங்க, எடுத்ததைக் காட்டுங்க, கேட்டா அனுப்பி வைங்க. நான் இதுவரைக்கும் கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சரின்னுதான் சொன்னாங்க. வேண்டாம்னு சொன்னவங்களும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அடுத்தவங்க வீட்டுக் குழந்தைகளை அப்பா அம்மாகிட்ட கேட்காம எடுக்கவே எடுக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம்

12 படத்துல ஒண்ணே ஒண்ணை எடுத்து வச்சுட்டு, மீதி 11ஐயும் அழிச்சுடுவேன். ஆரம்பத்துல வயிறு எரியும். ஆனா எதை வைக்கிறோம், ஏன் வைக்கிறோம்னு யோசிக்கிற அந்த பத்து நிமிஷத்துலதான் பாதி படிப்பு இருக்கு. மாசம் முடிஞ்சா நாலு படம். அதை எங்க தெரு ஸ்டுடியோவுல 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் போட்டுடுவேன். மாசம் ஒரு ஃபில்டர் காபி செலவுகூட தாண்டாது. ஸ்டுடியோ அண்ணன் பிரிண்டைக் கையில தர்றப்போ ஏதாவது சொல்வார். "தலைக்கு மேல இவ்ளோ வானம் எதுக்கு தம்பி?" இன்ஸ்டாகிராம்ல 200 லைக் வந்தப்போகூட இவ்வளவு உபயோகமா யாரும் எதுவும் சொன்னதில்ல.

இன்ஸ்டா பத்தி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதல் ஆறு மாசம் போடாதீங்க. லைக் வரலைன்னா விட்டுடுவோம். வந்தா, எது வந்துச்சோ அதையே திரும்பத் திரும்ப எடுப்போம். அதுக்குப் பதிலா ஒரே ஒரு ஆளுக்கு அனுப்புங்க. எனக்கு ஆபீஸ்ல டெஸ்டிங் டீம்ல ஒரு அக்கா. போட்டோகிராபி பத்தி எதுவும் தெரியாது. ஆனா வாரா வாரம் திங்கக்கிழமை "என்னடா, இந்த வாரம் படம் எங்க?"ன்னு கேட்பாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே பல வாரம் எடுத்திருக்கேன்.

எடுக்காத வாரமும் உண்டு. போன நவம்பர்ல தொடர்ந்து அஞ்சு வாரம் ஒண்ணுகூட எடுக்கல. ஆபீஸ்ல கோ லைவ், வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல். பழைய நானா இருந்தா அஞ்சு வாரத்துக்கு 60 படம் பாக்கின்னு கணக்குப் போட்டு, மலைச்சுப் போய் விட்டிருப்பேன். இப்போ வச்சிருக்குற விதி: விட்ட வாரத்துக்கு வட்டி கிடையாது, அசலும் கிடையாது. கிரெடிட் கார்டு மாதிரி இல்ல இது. ஆறாவது வாரம் புதுசா 12. அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம்

இதுக்குத்தானே நம்ம பக்கத்துக்கு வந்தீங்க.

கேமரா இல்லாதவங்க முதல்ல வாங்காதீங்க. கையில இருக்குற போன்லயே 12 வாரம் முடிங்க. முடிச்சவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். முடிக்கலைன்னா 60,000 ரூபாய் மிச்சம். என்னை விட நீங்க கெட்டிக்காரங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி நான் ஏமாந்த கணக்கையும் பாத்துடுங்க. 60,000 ரூபாய் பொருள், 12 மாசம், மாசம் 5,000. வட்டியே இல்லைன்னு நினைப்போம். உண்மையில வங்கி வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு முன்னாடியே விலையில தள்ளுபடி காட்டுவாங்க. வருஷத்துக்கு 15 சதவீதம்னு வச்சா, அசல் சுமார் 55,400, வட்டி சுமார் 4,600. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது சுமார் 830 ரூபாய், நம்ம தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் ஆயிரத்துக்கு மேல. பெரிய தொகை இல்லைதான். ஆனா "நோ காஸ்ட்" இல்ல. அதோட, மொத்தமா பணம் கொடுத்தா கடைக்காரர் குறைச்சிருக்கக்கூடிய விலையும் போச்சு.

நானா இருந்தா இப்போ இப்படித்தான் பண்ணுவேன்: மாசம் 2,500 ஒரு ஆர்டியில. 12 வாரம் போன்ல எடுத்துக்கிட்டே ஆரம்பிச்சா, ஒரு வருஷத்துல 30,000. அதுல நல்ல செகண்ட் ஹேண்ட் பாடி பாக்கலாம். பழசு வாங்குறப்போ ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க, கார்ல கிலோமீட்டர் கேட்குற மாதிரி. லென்ஸுக்குள்ள போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, தொடாதீங்க. ஒரிஜினல் பில் இருக்கா, சீரியல் நம்பர் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒரு நாள் விசேஷத்துக்கு மட்டும்னா, வாடகைக்கே கிடைக்குது.

பூஞ்சைன்னதும் ஞாபகம் வருது. ஒரு வருஷம் அலமாரியில தூங்கின என் கிட் லென்ஸ்லயும் அது வந்துடுச்சு. சென்னை ஈரப்பதத்துக்கு, துணிக்கு நடுவுல லென்ஸை வச்சா வராம என்ன செய்யும்? காத்துப் போகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட், சில நூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். அம்மா அப்பவே சொன்னாங்க, "அறுபதாயிரம் போட்டு வாங்கினியே, அதை எடுத்து வெயில்லயாவது காய வைடா." வடாம் மாதிரி.

பாடியை மாத்தணும்னு கை அரிக்கிறப்போ, முதல்ல 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸைப் பாருங்க. பல கம்பெனியிலயும் இருக்குறதுலயே விலை குறைஞ்ச லென்ஸ்கள்ல ஒண்ணு அது. எஃப் 5.6ஐ விட எஃப் 1.8ல கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வரும். அந்த வகுப்பறையில எனக்குத் தேவைப்பட்டது அதுதான். ஒரே குறை, சின்ன சென்சார் கேமராவுல 50 எம்எம் கொஞ்சம் நெருக்கமா காட்டும், நம்ம வீட்டு ஹால்ல நாலு பேரை எடுக்க சுவரை உடைச்சுக்கிட்டுப் பின்னாடி போகணும். 35 எம்எம் கிடைச்சா இன்னும் வசதி.

"கல்யாணம் எடுத்து சம்பாதிச்சு இஎம்ஐ கட்டலாமே ப்ரோ?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். முதல் வருஷம் வேண்டாம். தாலி கட்டுற செகண்ட் ஒரு தடவைதான் வரும். மெமரி கார்டு மக்கர் பண்ணா என்ன பதில் சொல்வீங்க? உங்க ஆபர் லெட்டர்ல வேற வேலை பாக்கக் கூடாதுன்னு இருக்கான்னு பாத்தீங்களா? அந்த வருமானத்துக்கும் வரி உண்டு. இதெல்லாம் விடுங்க, வாரம் முழுக்க ஒரு மேனேஜர், ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையோட மாமா இன்னொரு மேனேஜர். ஆசைக்கு ஆரம்பிச்சதை அப்படிக் கொல்ல வேண்டாம்னுதான் சொல்றேன்.

காசு செலவில்லாம கண்ணைப் பழக்கணும்னா, சென்னை போட்டோ பினாலே நடக்குறப்போ போயிட்டு வாங்க. 2016ல ஆரம்பிச்சது. பொது இடங்கள்லயே பெரிய பெரிய படமா வச்சிருப்பாங்க.

இந்தப் பொங்கலுக்கு

ஊருக்குப் போயிருந்தேன். காலையில ஏழு மணிக்கு அம்மா பின்வாசல் படியில உக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. வாசல் கிழக்கு பாத்தது. வெளிச்சம் ஓரமா முகத்துல விழுது, பின்னாடி சமையலறை இருட்டு. கேமராவை எடுத்துட்டு வந்து கீழ உக்காந்தேன்.

"இருடா, புடவை மாத்திட்டு வர்றேன்."

"வேணாம்மா, கீரையைப் பாரு."

எக்ஸ்போஷரை ஒரு படி குறைச்சேன், பின்னாடி இருட்டு நிறைய இருந்ததால. ஆறு படம் எடுத்தேன். நாலாவதுல, ஒரு காம்பை உருவிக்கிட்டே எதையோ நினைச்சு லேசா சிரிக்கிறாங்க. விரல் நுனி பச்சை வரைக்கும் தெளிவா இருக்கு.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "நல்லாத்தான் இருக்கேன்"னாங்க. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "என்னையும் அவளையும் சேத்து வச்சு ஒண்ணு எடுக்கணும்டா. பதினெட்டு வருஷம் ஒண்ணா வேலை பாத்திருக்கோம், ஒரு போட்டோ இல்ல"ன்னாங்க. சமையலர் அக்காவைத்தான் சொல்றாங்க. அந்த மஞ்சள் மேகம்.

"எங்கம்மா எடுக்கலாம்? இங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

"ஸ்கூல் சமையல் கட்டுலயே எடு, ஹெச்எம்கிட்ட நான் கேட்டுக்கறேன். நாலு மணிக்கு மேல வா. மேற்கால ஜன்னல் ஒண்ணு இருக்கு, அந்த நேரத்துக்கு வெயில் நேரா அடுப்பு மேடை வரைக்கும் வரும்."

பதினெட்டு வருஷம் அங்க நின்னவங்களுக்குத் தெரியாதா. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் லீவ் போட்டிருக்கேன், பேட்டரி சார்ஜ்ல இருக்கு.